பாட்டுக்கு யார் பேர்?

ஒரு பாட்டின் தரத்தை அளக்கப் பல தராசுகள் உண்டு. இசைப்புலவர் ஒன்றை எடுப்பார். வணிகர் மற்றொன்றை எடுப்பார். அந்தப் பாட்டு யாருடைய வாழ்வைச் சொல்கிறதோ அவர்கள் நடுவே அதை ஒலிக்கச் செய்து பார்ப்பது மூன்றாவது தராசு. பூண்டுலோயாவில் வாழும் நமக்குக் கைக்கெட்டுவது அந்த மூன்றாவது தராசுதான்.

'எஞ்சாய் எஞ்சாமி' 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் நாள் வெளியாயிற்று. ஏ. ஆர். ரகுமானின் ஆதரவுடன் தொடங்கிய மாஜா என்னும் இசை நிறுவனத்தின் முதல் வெளியீடு அது. பாடலை எழுதியவர் அரக்கோணத்துக் கவிஞர் அறிவு. அவரும் தீ என்ற பாடகியும் பாடினர். சந்தோஷ் நாராயணன் தயாரித்தளித்தார். சில மாதங்களுக்குள் அதைப் பார்த்தவர் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். பாட்டில் அவர் பெயர் இருக்கிறது. படத்தில் அவரே அமர்ந்திருக்கிறார்.

டன்சினன் பக்கத்து லயம் ஒன்றில், மாணவர் ஒருவரின் கைத்தொலைபேசியில் இதை ஒரு முதிய தாய்க்குக் காட்டினோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். ஆட்டத்தையும் அலங்காரத்தையும் பேசாமல் பார்த்திருந்தவர், பாட்டி தோன்றியதும் நிமிர்ந்தார். "அந்தம்மா எந்தத் தோட்டத்து ஆளுங்க மாஸ்டர்?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. "எங்க அக்காவும் இப்படித்தான் கப்பலேறிப் போனா. கடுதாசி ரெண்டு வந்துச்சு. அப்புறம் இல்ல" என்றார்.

இதுவே அந்தப் பாட்டின் முதற்பெரும் வலிமை என்று நாம் கருதுகிறோம். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. பாடநூல்களில் இலக்கமாக நிற்கும் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பாட்டியை, பெயரோடும் முகத்தோடும் உலகின் முன் இருத்தியது சிறிய செயலன்று.

இரண்டாவது வலிமை ஒப்பாரியைக் கையாண்ட விதம். ஒப்பாரி வெறும் அழுகையன்று. மாண்டவர் என்ன உழைத்தார், அவருக்கு என்ன மறுக்கப்பட்டது என்று பெண்கள் ஊரறியச் சொல்லும் கணக்கு அது. அந்தக் கணக்கை இரக்கத்துக்குரிய பழம்பொருளாக்காமல், இன்றைய மேனாட்டுத் தாளக்கட்டோடு நிமிர்ந்து நிற்கச் செய்தது இப்பாட்டு. நிலம் யாருடையது என்ற கேள்வியைக் குழந்தையும் முணுமுணுக்கும்படி எழுதுவது எளிய காரியமல்ல.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டில் தோட்டம் வருகிறது, தேயிலை வரவில்லை. கங்காணி இல்லை, லயம் இல்லை, பெரட்டுக்களம் இல்லை. காடும் குளமும் பறவையும் பொதுப்பட நிறைந்திருப்பதால், இது இன்ன மலையில் இன்ன கம்பெனிக்காக உழைத்தவரின் கதை என்பது மங்கிவிடுகிறது. கேட்பவன் யாரையும் குற்றம் சாட்டாமலே ஆடி முடிக்கலாம். சுரண்டலைப் பாடும் பாட்டு சுரண்டியவனும் சேர்ந்து ஆடத்தக்கதாய் அமைந்தால், அதன் கூர் எங்கோ மழுங்கியிருக்கிறது என்றுதான் பொருள்.

திரும்பிச் சென்றவரின் பேரன் பாடியது இது. ஆகவே தங்கிவிட்டவரின் கதை இதில் இல்லை. அதை அவர் தலையில் சுமத்துவது நியாயமுமன்று. ஆயினும் ஒன்றை நாம் மறக்க முடியவில்லை. பாட்டு வெளியான அதே மார்ச் மாதத்தில்தான், பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அடிப்படைச் சம்பளம் 900, படி 100. தமிழுலகம் பாட்டியைக் கொண்டாடிய நாட்களில், பாட்டியின் உடன்பிறந்தோர் இங்கே கிலோக் கணக்கை நிறைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நம் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். உழைப்பும் கூலியும் பெயரும் ஒரே சொல்லில் அடங்கிய வாழ்வு நம்முடையது. ஆதலால் பாட்டைப் பற்றிப் பின்னர் எழுந்த பூசலை வேடிக்கையாகப் பார்க்க நம்மால் இயலவில்லை. 2021 ஆகஸ்டில் இப்பாட்டைச் சிறப்பித்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை. கண்டனத்துக்குப் பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் பாட்டு அரங்கேறியது. எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்றார் அறிவு. மூவரின் கூட்டுழைப்பு என்றனர் மற்றவர். யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புக் கூற நாம் அமரவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இப்பாட்டால் தமக்கோ மற்ற இருவருக்கோ ஒரு காசும் வந்து சேரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனுழைத்தவர் தமக்குள் பேருக்கு வாதாட, விளைச்சல் வேறெங்கோ போகும் இந்தக் கதை பெரட்டுக்களத்தில் நின்ற எவருக்கும் புதிதல்ல.

வேறு வழி இல்லையா? இந்து சமுத்திரத்தில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரியூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களில், ஆப்பிரிக்க அடிமைகளும் தமிழ்க் கூலிகளும் வாழ்ந்த மண்ணில், மலோயா என்னும் இசை பிறந்தது. அதிகாரிகளால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட அந்த இசையை 1976-இல் இசைத்தட்டாக வெளியிட்டது அத்தீவின் கம்யூனிஸ்டுக் கட்சி. 2009-இல் யுனெஸ்கோவும் அதை ஏற்றுக்கொண்டது. தோட்டத்து இசையைப் பதிப்பிக்கும் பொறுப்பை ஓர் இயக்கம் ஏற்றதால், பாட்டோடு அதன் அரசியலும் சேர்ந்தே பயணப்பட்டது.

நமக்கும் முன்னோடி உண்டு. அயலில் உள்ள மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கப் பணிக்கும் பாராளுமன்றப் பணிக்கும் இடையே நம் மக்களின் பாடல்களைக் கேட்டுத் தொகுத்தார். அவருக்குப் பின் அந்தப் பணியை எத்தனை ஆசிரியர்கள் தொடர்ந்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அரக்கோணத்துப் பேரன் தன் பாட்டியிடம் கேட்டான். நாம் நம் பாட்டிமாரிடம் கேட்டோமா?

அன்று லயத்தில் பாட்டு முடிந்ததும் அந்தத் தாய், தம் அக்காள் புறப்பட்ட அன்று தங்கள் தாயார் சொல்லி அழுத ஒப்பாரியைத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். அதில் தோட்டத்தின் பெயர் இருந்தது. மலையின் இலக்கம் இருந்தது. பேர் வெட்டிய கணக்கப்பிள்ளையும் இருந்தார். மாணவர் கைத்தொலைபேசியில் பதிவு செய்தார். பாடியவர் பெயரை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பாட்டை எழுதும்படி அவரிடம் சொன்னோம்.