அதே விரல், வேறு மூச்சு

நாகர்கோவிலில் எங்கள் இரட்சணிய சேனை பேண்டில் எனக்கு வாய்த்தது யூஃபோனியம். கேட்டு வாங்கியதில்லை, கார்னெட்டுக்கு ஆள் நிறைந்திருந்தது. சில வருஷம் பின்னணியில் ஊதிய பிறகு, தனியாக எழுந்து நின்று ஒன்று வாசிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. எடுத்தது ஆர்பனின் 'வெனிஸ் திருவிழா'. 1864இல் பாரிஸில் வெளியான அவருடைய கார்னெட் பயிற்சி நூலின் கடைசியில் இருக்கும் உருப்படி.

பிராஸ் பேண்டில் ஒரு வசதி உண்டு. பாஸ் டிராம்போன் தவிர மற்ற பித்தளைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ட்ரெபிள் கிளெஃபில்தான் எழுதுவார்கள். கார்னெட்டுக்கான தாளை யூஃபோனியக்காரன் அப்படியே எடுத்து வாசிக்கலாம். விரல் அதே விரல். ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவுதான் என்று நம்பினேன்.

கார்னெட்டின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 4½ அடி வரும். யூஃபோனியத்துக்கு 9 அடி, உள்விட்டமும் பெரிது. கார்னெட்டில் ஒரே மூச்சில் முடிகிற வரி இதில் பாதியிலேயே ஆளை விட்டுவிடும். அறுப்பின் பண்டிகையன்று கடினமான வேரியேஷனில் எனக்கு அதுதான் நடந்தது. விரல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. கீபோர்டு வாசித்தவர் என்னை விட்டுவிட்டு முடித்தார்.

"பாட்டு எங்கலே மக்கா போச்சு? வெறும் காத்துதான் வந்துது," என்றார் சொல்லிக்கொடுத்த அண்ணன். மறுநாள் ஒரு பென்சிலோடு வந்தார்.

அந்த வேரியேஷனில் மெட்டின் சுரங்கள் தூண் மாதிரி நிற்கும். இடையில் கொடி சுற்றுவதுபோல் சின்னச் சுரங்கள் ஓடும். நன்றாக வாசித்தால் இரண்டு பேர் ஊதுகிற மாதிரி கேட்கும். தூணில் கை வைக்கக் கூடாது. கொடியில் ஒரு இலையைக் கிள்ளிவிட்டு அந்த இடத்தில் மூச்சை வாங்கு, இதுதான் அண்ணன் கணக்கு. எந்த இலை என்பதில்தான் வித்தை. ஒரு வாரம் வாத்தியத்தைத் தொடாமல் தாளில் மூச்சுக்குறி மட்டும் போட்டோம், அழித்தோம், மறுபடி போட்டோம்.

நாக்குக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. சுரங்களை மூன்று மூன்றாக நாக்கால் வெட்டும் மும்மை நாக்குக்கு ஆர்பன் சொல்லும் தூ-தூ-கூ, தகிட கேட்டு வளர்ந்தவனுக்குப் புதிதல்ல. ஆனால் தகிட என்றே ஊதப் போனால் கடைசி 'ட'வில் நாக்கு மடிந்து சுரம் கனத்துவிடும். நுனி பல்லை ஒட்டியே வேலை செய்ய வேண்டும்.

யூஃபோனியத்துக்கென்றே எழுதியதை வாசித்தபோதுதான் அதுவரை கடன் வாங்கிய சட்டை போட்டிருந்தது தெரிந்தது. ஜோசப் ஹோரோவிட்ஸ் 1972இல் எழுதிய கான்செர்ட்டோவை லண்டன் ஆல்பர்ட் ஹாலில் முதலில் வாசித்தவர் ட்ரெவர் குரூம். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் எங்கள் வாத்தியத்துக்கு நிரந்தர நாற்காலி கிடையாது. எங்களுக்கான பெரிய உருப்படிகள் பெரும்பாலும் பேண்டு உலகத்திலிருந்துதான் வர வேண்டும். ஹோரோவிட்ஸ் கான்செர்ட்டோவின் மெதுவான நடுப் பகுதியில் வரிகள் நீளம்தான். ஆனால் மூச்சு தீருகிற இடத்தில் மெட்டும் இறங்கி உட்காருகிறது. என் பிரதியில் அந்தப் பக்கங்களில் பென்சில் குறி ரொம்பக் குறைவு.

வான் வில்லியம்ஸ் 81 வயதில் ட்யூபாவுக்கு எழுதிய கான்செர்ட்டோவும் அப்படித்தான். 1954இல் அதை அரங்கேற்றிய ஃபிலிப் கேட்டலினெட் எங்கள் சேனைக்காரர். பேண்டில் ட்யூபா ஊதும் பையனைக் கேலி செய்கிறவர்களுக்கு அதன் நடுப் பகுதியைப் போட்டுக் காட்டுவேன்.

வெனிஸ் திருவிழாவை விட்டுவிடவில்லை. பண்டிகைக்கு ஜனங்கள் கேட்பது அதைத்தான். அந்த வேரியேஷனில் மூன்று சுரங்களை விட்டுவிடுகிறேன். இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை, அண்ணனுக்கு மட்டும் தெரியும்.