மூன்று துளைகள்

வீட்டுச் சுவரில் மூன்று துளைகளோடு அமைந்த சாக்கெட்டை உற்று நோக்குவோர் அரியர். பிளக்கைச் செருகினால் விசிறி சுழல்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடேறுகிறது. அதற்குமேல் எவரும் எண்ணுவதில்லை. எனினும், அவ்வெளிய அமைப்பு உருவாக அரை நூற்றாண்டுக் காலமும் பலருடைய உழைப்பும் தேவைப்பட்டன.

1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், நியூயார்க் நகரத்துப் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்நாளில் மின்சாரம் என்றால் விளக்கு என்றே பொருள். ஆகவே, மின்கம்பி அமைத்த வீடுகளில் விளக்கு மாட்டும் இடங்கள் இருந்தனவேயன்றிச் சுவரில் சாக்கெட்டுகள் இல்லை.

பின்னர் மின்விசிறியும் மின் இஸ்திரிப் பெட்டியும் வந்தன. அவற்றிற்கு மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது? விளக்கு இருந்த இடத்திலிருந்துதான்! பல்பைத் திருகிக் கழற்றி, அவ்விடத்தில் கருவியின் கம்பி முனையைத் திருகிப் பொருத்தினர். திருகத் திருகக் கம்பியும் முறுக்கிக்கொண்டது. துணி தேய்க்க மின்சாரம் கிடைத்தது; அவ்விளக்கின் ஒளியோ போயிற்று.

இவ்வல்லலுக்கு வழி கண்டவர் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் தொழிற்சாலை நடத்திய ஹார்வி ஹப்பெல் என்பவர். 1904ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்ற பிளக் இரு பகுதிகளை உடையது. ஒரு பகுதி விளக்குத் தாங்கியில் திருகப்பட்டு அங்கேயே இருக்கும். கம்பியோடு கூடிய மற்றப் பகுதியை வேண்டும்போது செருகலாம், வேண்டாதபோது இழுத்துவிடலாம். பழைய கம்பிகளை மாற்றாமலே வீட்டார் புதிய கருவிகளைப் பயன்படுத்த இது உதவியது. காலப்போக்கில் சாக்கெட் சுவருக்கே இறங்கி வந்தது.

வசதி பெருகியது, ஆயினும் இடர் நீங்கவில்லை. கருவியினுள் கம்பியின் உறை தேய்ந்து, அக்கம்பி உலோக உடலைத் தொடுமாயின், கருவி முழுவதும் மின்சாரம் பரவும். தொட்டவர் உடலே அது நிலத்தை அடையும் வழியாகிவிடும். இதைத் தடுக்க மூன்றாவது கம்பி ஒன்றால் உலோக உடலை நிலத்தோடு இணைத்தனர். கசியும் மின்சாரம் அவ்வழியே பெருகி ஓட, ஃப்யூஸ் உருகி இணைப்பு அறுந்துவிடும். 1920களில் ஜெர்மனியில் ஆல்பர்ட் பியூட்னரும் அமெரிக்காவில் பிலிப் லாப்ரேயும் இத்தகைய பிளக்குகளை வகுத்தனர்.

பிரிட்டனில் 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, வருங்கால வீடுகளின் மின்னமைப்பை ஆராய ஒரு குழு கூடியது. அதில் இருந்த ஒரே பெண்மணி கரோலின் ஹாஸ்லெட். குழந்தைகளின் விரலும் கம்பித் துண்டும் உள்ளே நுழையாதபடி சாக்கெட் துளைகளுக்கு மூடிகள் வேண்டும் என்று அக்குழு கருதியது. 1947இல் வெளியான பிரிட்டிஷ் தர வரையறையில் அவை இடம்பெற்றன.

இந்திய வீடுகளில் வழங்கும் மூன்று உருண்டைக் கால் பிளக், அதற்கு முந்திய பிரிட்டிஷ் முறையைத் தழுவியது. அதன் ஒரு கால் மட்டும் நீண்டு பருத்திருப்பது ஏன்? அதுவே நிலத்தோடு இணைக்கும் கால். செருகும்போது அது முதலில் சேரும். இழுக்கும்போது கடைசியில் பிரியும். மின்சாரம் வருமுன் காவல் வந்துவிடுகிறது. அது சென்ற பின்னரே காவல் விலகுகிறது.

பிளக் இன்றி, வெறும் கம்பி முனைகளைத் தீக்குச்சியால் இறுக்கிச் செருகுவோர் இன்றும் உளர். அவர்கள் மிச்சப்படுத்துவது சிறு காசு. இழக்கத் துணிவது உயிரை.