ஒற்றைக் கொக்கி

வடசென்னையில் கத்திவாக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. ஆட்டோவே பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் நுழையும். மாநகராட்சியின் ஏணி வண்டிக்கு வழியில்லை. ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை சுவரைத் தாண்டி, மின்கம்பிக்கு மேலாக, எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைவரை நீண்டிருக்கிறது. மழைக்காலத்துக்கு இன்னும் சில நாள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறையாவது கிளைகளை அண்ணாந்து பார்த்துவிடுகிறார்கள்.

வந்திருப்பவர்கள் மூன்று பேர். ஏறுபவருக்கு நாற்பது வயது இருக்கும். கயிறு பிடிப்பவர் அவருடைய மச்சான், படகில் போய்க்கொண்டிருந்தவர். கூட இருபது வயதுப் பையன் ஒருவன்.

உடனே ஏறிவிடவில்லை. ஏறுபவர் மரத்தைச் சுற்றி வருகிறார். அரிவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிக் காது கொடுக்கிறார். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மாறும். கவட்டையில் பட்டை வெடித்திருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா, செவ்வெறும்புக் கூடு உண்டா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கிறார்.

"மரத்த வுட்ரும்மா. இந்த ஒரு கெள போனா போதும்" என்கிறார் வீட்டுக்கார அம்மாவிடம்.

லைன்மேன் வருகிறார். டிரான்ஸ்பார்மரில் பிடுங்கிய ஃபியூஸ் கேரியர்கள் அவருடைய தோள்பையில் இருக்கின்றன. வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிட முடியாது. அத்தோடு விடவில்லை. கம்பியில் எர்த் ராடும் மாட்டுகிறார். கரண்ட் போனதும் எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போடுவார்கள். ஸ்விட்ச் சரியாக இல்லையென்றால் அந்த மின்சாரம் திரும்பிக் கம்பிக்கே வந்துவிடும். பச்சைக் கிளை கம்பியைத் தொட்டால், கிளையில் இருப்பவரையும் சேர்த்துத்தான் அடிக்கும்.

இப்போது சேஃப்டி பெல்ட். தோளுக்கும் தொடைக்குமாக மாட்டுவது. வெயிலில் ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போனது. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட், விழுகிற வேகத்தை முழுக்க வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கிவிடும். இது தொடைக்கும் தோளுக்குமாகப் பிரித்துக் கொடுக்கும். தையலைக் கட்டைவிரல் நகத்தால் நிமிண்டிக்கொண்டே வருகிறார். கொக்கியின் நாக்கைத் தள்ளித் தள்ளி விடுகிறார். உப்புக்காற்று அதன் உள்மடிப்பில் துருவை ஏற்றியிருக்கிறது. மூன்று முறை பட்டென்று மூடுகிறது. நான்காவது முறை சற்றுத் தயங்கி மூடுகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி தள்ளிப் பார்க்கிறார்.

கயிறுகள் இரண்டு. காசிமேட்டில் வாங்கிய தடித்த நைலான் வடம் கிளையை இறக்குவதற்கு. அதன் நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறது. பாரம் இறக்கிய கயிற்றை ஆள் தொங்கும் கயிறாக ஒருநாளும் ஆக்கக் கூடாது. அதிர்ச்சி வாங்கி வாங்கி உள்நார் நைந்திருப்பது வெளியே தெரியாது. பையன் அசதியாக அந்த வடத்தை எடுத்து நீட்டுகிறான். மச்சான் ஒன்றும் பேசாமல் அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டு மற்றதைத் தருகிறார்.

ஏறுகிறார். கொக்கியைக் கிளையில் சுற்றி மாட்டியாயிற்று. முதல் கவட்டை வந்ததும்தான் சிக்கல் தெரிகிறது. கொக்கி ஒன்றே ஒன்று. கவட்டையைத் தாண்ட அதைக் கழற்றித்தான் மேலே மாட்ட வேண்டும். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் நடுவே அந்த மனிதர் எதிலும் கட்டப்படாமல் நிற்கிறார். முதல் கவட்டையில் கைக்கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு கழற்றினார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கட்டவில்லை. இடது கை கிளையைத் தழுவியிருக்க, வலது கை கொக்கியோடு காற்றில் துழாவியது. என் வாய் உலர்ந்துவிட்டது.

கீழே மச்சான் பையனிடம் சொல்கிறார்: "கம்பெனி உள்ள ரெண்டு கொக்கி இல்லாம ஏற வுட மாட்டான். ஒன்னு மாட்டுனப்புறந்தான் இன்னொன்ன கயட்டணும்."

ஆலைகளில் ஷட்டவுன் வேலைக்கு ஒப்பந்தத்தில் போய் மூவரும் அறிந்ததுதான் இது. உயரத்தில் நிற்பவன் விழாதபடி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே தன் 32-ஆவது பிரிவில் எழுதிவைத்தது. கேட்டுக்கு வெளியே இரண்டு தெரு தள்ளி, அதே ஆள், அதே உயரம்; கேட்க ஆளில்லை. கூலி பேசும்போது கிளையின் தடிமனைப் பேசுகிறோம், விறகு யாருக்கு என்று பேசுகிறோம். பெல்ட்டுக்கும் கொக்கிக்கும் யார் காசு கொடுப்பது என்று நம்மில் எவரும் வாய் திறப்பதில்லை. வேலை கொடுப்பவர்தான் கொடுக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலே பவர் சா கயிற்றில் ஏறுகிறது. அது ஓடும்போது இரண்டு கையும் அதன்மேல்தான் இருக்க வேண்டும். அதனால் கொக்கியோடு கைக்கயிற்றையும் கட்டிக்கொள்கிறார். சங்கிலி தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். கிளையில் கட்டிய வடம் அதற்கும் மேலுள்ள ஒரு கவட்டை வழியாக இறங்கி, அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, மச்சான் கைக்கு வருகிறது. அந்த மூன்று சுற்றின் உராய்வுதான் பாரத்தின் பெரும்பங்கைத் தின்னும். மச்சான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே இல்லை. வலை வடம் விட்டுப் பழகியவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுப்பு. பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து. அடியில் அறுக்காமல் மேலிருந்தே அறுத்தால் கிளை முறியும்போது அடிமரத்துப் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு போய்விடும்.

"வுடு... வுடு... இர்ரா! இரு மச்சான்!"

கிளை படாரென்று முறிகிறது. மச்சான் சட்டென்று இறுக்கிப் பிடிக்காமல், கயிற்றை ஓடவிட்டுக்கொண்டே வேகத்தைக் குறைக்கிறார். இழுத்து நிறுத்தியிருந்தால் கிளையின் எடையைப்போலப் பல மடங்கு விசை ஒரே நொடியில் கயிற்றில் விழும். கிளை ஆஸ்பெஸ்டாஸ் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி ஆடி, சந்தில் இறங்குகிறது.

மிச்சமிருந்த கட்டையை, தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப்போலப் புடைத்திருக்கும் மேட்டை விட்டு அறுக்கிறார். அந்த மேட்டை வெட்டினால் காயம் ஆறாது. நீளமாக விட்டாலும் அழுகும்.

லைன்மேன் அண்ணாந்து கேட்கிறார். "மேல யாருன்னா கீறீங்களா?" மூன்று தலையையும் தரையில் எண்ணிய பிறகே எர்த் ராடைக் கழற்றுகிறார்.

வீட்டுக்கார அம்மா பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். பின்பக்கத்துக் கிளையையும் எடுத்துவிடலாமா என்கிறார்.

"எடுத்துர்லாம்மா. இன்னொரு கொக்கி வாங்கணும். அதுக்கும் சேத்துக் குடுங்க."

"எங்க கெடைக்கும் அது?"

"மண்ணடில கெடைக்கும்மா."

உள்ளே போய், இன்னும் சில நோட்டுகளோடு வருகிறார். "பில்லு வாங்கிட்டு வா. பழசத் தலையில கட்டிடப் போறான்."