கூண்டில் கேட்ட குரல்

பறவை பார்க்கப் போனால் கண்ணுக்கு முன் காதுதான் வேலை செய்யும். ஏழு மணி வாக்கில் சூரியன் எழும் நம் ஊரில், அதற்கடுத்த இரண்டு மணி நேரம் பறவைகள் ஓயாமல் குரல் கொடுக்கும். வெயில் ஏறிவிட்டால் அவை மரத்துக்குள் அடங்கிவிடும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஹில்வியூ எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, பழைய ரயில் பாதையில் நானும் அப்பாவும் தெற்கு நோக்கி நடந்தோம். அப்பாவுக்கு வயது 72. மேடேறினால் முழங்கால் வலிக்கும். ரயில் ஓடிய தடம் என்பதால் இங்கே ஏற்ற இறக்கம் குறைவு. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. பிறகு தண்டவாளங்களை அகற்றினார்கள். அந்த 24 கிலோமீட்டர் தடத்தில்தான் இன்று மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

புல்வெளியும் மரக்கூட்டமும் சந்திக்கும் ஓரம்தான் பறவைகளுக்குப் பிடித்த இடம். புல்லில் விதை, மரத்தில் மறைவு. புள்ளிச் சில்லைகள் புல் தண்டைப் பிடித்துத் தொங்கியபடி விதைகளை உருவித் தின்றன. விளக்குக் கம்பத்தில் வெண்தொண்டை மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. பேர்தான் மீன்கொத்தி. தண்ணீர் இல்லாத இடத்தில் வெட்டுக்கிளியும் பல்லியும் போதும் அதற்கு. புதருக்குள்ளிருந்து செம்போத்து ‘ஊப் ஊப்’ என்றது.

பாதையெங்கும் மைனாக்கள். நம் புளோக் அடியில் தினமும் பார்க்கும் ஜாவா மைனாதான். ஜாவா, பாலித் தீவுகளைச் சேர்ந்த இந்தப் பறவை, 1920களில் கூண்டுப் பறவையாக இங்கு வந்து, வெளியேறிப் பெருகியது. அதன் சொந்த மண்ணிலோ, கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே அருகி வருகிறது.

ரயில் மாலைத் தாண்டி, அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே செல்லும் இரும்புப் பாலத்தைக் கடந்ததும் மரங்கள் அடர்ந்தன. அப்பா சட்டென்று நின்றார். புல்லாங்குழலில் தண்ணீர் கொப்பளிப்பதுபோல ஒரு பாட்டு.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்மா. சின்ன வயசுல காப்பிக்கடை வாசல்ல கூண்டு தொங்கும். பாராவ்-பாராவ்னு மலாய்க்காரங்க சொல்லுவாங்க.”

தொலைநோக்கியை அவரிடம் கொடுத்தேன். வைக்கோல் நிறத் தலை, மீசை வரைந்ததுபோல் கறுப்புக் கோடு, வெள்ளைத் தொண்டை. வைக்கோல்தலை புல்புல். இவ்வளவு நன்றாகப் பாடுவதுதான் அதற்கு வினையாகிப்போனது. கூண்டுக்காகப் பிடித்ததில் தாய்லாந்திலும் ஜாவாவிலும் காடுகளில் இந்தக் குரலே இல்லாமல் போனது. 2018இல், அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. உலகில் எஞ்சியிருப்பவற்றில் கணிசமான பங்கு நம் குட்டித் தீவில்தான் வாழ்கிறது.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்க மரத்திலிருந்து இன்னொன்று சேர்ந்துகொண்டது. இவை இணையாகப் பாடும் பறவைகள். அப்பா தொலைநோக்கியைக் கீழே இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கூண்டுல இருந்தது ஒத்தையிலதான் பாடும். பதில் வந்து நான் கேட்டதே இல்ல.”

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் பறந்து போகும்வரை அங்கேயே நின்றோம்.

புலாவ் உபினிலும் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவிலும்கூட இதைக் கேட்கலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கைப்பேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டதென்று பதறி, இரை தேடுவதையும் குஞ்சைக் கவனிப்பதையும் அது விட்டுவிடும். காலையில் சீக்கிரம் போய்ச் சும்மா நில்லுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். அந்தக் குரலை அவர்கள் எங்கே கேட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.