தொரப்பள்ளிக் கொல்லையில் ஓர் அணில்

தொரப்பள்ளி என்றதும் சிலருக்கு யானையும் காட்டுச் சாலையும் நினைவுக்கு வரும். அது கூடலூரிலிருந்து முதுமலைக்குப் போகும் வழியில் இருக்கும் நீலகிரித் தொரப்பள்ளி. இது வேறு. இது ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளி. மூதறிஞர் ராஜாஜி பிறந்த ஊர்.

ஓசூரிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு மாவட்டத்தின் கதையே ஓடி முடிந்துவிடும். முதலில் கன்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள். அப்புறம் கலர் கல் நட்டு, கொடி கட்டி, ‘மனைகள் விற்பனைக்கு’ என்று போர்டு வைத்த வெற்று நிலங்கள். அதையும் தாண்டினால் ரோஜா வளரும் பசுமைக்குடில்கள், தக்காளித் தோட்டம், முட்டைக்கோஸ் வயல். பக்கத்திலேயே தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, அங்கே ‘தட்சிண பினாகினி’ என்ற பெயரில் ஓடி, எல்லை தாண்டியதும் தமிழ்ப் பெயர் சூடிக்கொள்ளும் ஆறு.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இந்தப் பக்கம் வெயில் காலத்திலும் காற்றில் ஒரு குளுமை உண்டு. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் கம்பளி இல்லாமல் வாசல் தெளிக்க முடியாது. இந்தக் குளிருக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது.

மூன்று மொழி, ஒரே அணில்

1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. அவருடைய அப்பா இந்த ஊரின் முன்சீப். சிறு வயதிலேயே படிப்புக்காக ஓசூர், பிறகு பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி என்று ராஜாஜியின் பாதை நீண்டது. அது 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் மாளிகை வரை போனது. ஆனால் தொடங்கிய இடம் இந்தச் சிறிய தெருதான்.

அந்தத் தெருவைப் பார்க்க வருகிறவர்கள் நினைவு இல்லத்தைச் சுற்றிவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று காது கொடுத்தால் இன்னொன்றும் கிடைக்கும். ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர்க் கடையில் கன்னடம். எல்லைப்புற ஊர்களுக்கே உரிய வழக்கம் இது. கொல்லையில் கொய்யா மரத்தில் தலைகீழாகத் தொங்கிக் கொறிக்கும் அந்தச் சின்ன உயிருக்கும் மூன்று பெயர்கள். தமிழில் அணில். கன்னடத்தில் அளிலு. தெலுங்கில் உடுத.

பெயர் மாறினாலும் கதை மாறவில்லை. சேது கட்டும்போது வானரங்கள் மலையைத் தூக்கி வர, நனைந்த உடம்பில் மணலை ஒட்டிக்கொண்டு ஓடிய அணிலின் கதைதான். சிறியவர் மனமுவந்து செய்யும் உதவியைக் கன்னடக்காரர்கள் ‘அளிலு சேவெ’ என்பார்கள். தெலுங்கர்கள் ‘உடுதா பக்தி’ என்பார்கள். தமிழில் ‘ஏதோ என்னாலான அணில் உதவி’ என்று சொல்லாமல் ஒரு கல்யாண வீட்டிலாவது மொய் எழுதுகிறோமா?

வால்மீகி ராமாயணத்தில் இந்த அணில் கிடையாது. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வார் தம் ‘திருமாலை’யில் அதைப் பாடியிருக்கிறார். ராமர் தடவிக்கொடுத்த விரல் தடம்தான் முதுகுக் கோடுகள் என்பது பாட்டிமார் சேர்த்த அழகு. ராமாயணத்தைச் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்று எளிய தமிழில் எழுதி, 1958இல் சாகித்ய அகாதமி விருது பெற்றவர் பிறந்த ஊரில் ஓர் அணிலைப் பார்க்கும்போது இந்தக் கதை தானாகவே நினைவுக்கு வருகிறது.

கயிற்றில் நடப்பவன்

தென்னிந்தியாவில் நாம் பார்ப்பது மூன்று கோட்டு அணில். வட இந்தியாவில் ஐந்து கோடுகள் கொண்டது அதிகம். எடை ஏறக்குறைய 100 கிராம், அதாவது ஒரு நடுத்தரத் தக்காளியின் எடை. விஞ்ஞானிகள் இந்த இனத்துக்கு வைத்த பெயர் ‘ஃபுனாம்புலஸ்’. லத்தீனில் ‘கயிற்றின் மேல் நடப்பவன்’ என்று பொருள்.

பெயருக்கேற்ப, மரம் இல்லாத இடத்தில் அது கம்பியில் நடக்கிறது. தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவே முன்பு கிளைகள் இருந்தன. இப்போது கேபிள் ஒயரும் மின்கம்பியும். ஓசூரில் 1970களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஊர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2019இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் ஒரு புளிய மரம் சாயும்போது அதிலிருந்த கூடும் சேர்ந்து சாய்கிறது. நார், பஞ்சு, கிழிந்த துணி என்று பொறுக்கிப் பொறுக்கிக் கட்டிய கூடு.

அப்படி மரம் இழந்த அணில்கள் கொல்லைகளுக்கு வருகின்றன. காக்கைக்கு வைத்த சோறு, முறத்திலிருந்து சிந்திய அரிசி, பழுத்த கொய்யா. நாலு நாள் வந்தால் ஐந்தாம் நாள் வீட்டாரே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். “இன்னிக்கு இன்னும் அணில் வரலியே” என்ற பேச்சு வந்துவிட்டால், அது குடும்பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் அது நொண்டிக்கொண்டு வரும். அல்லது துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அசையாமல் கிடக்கும். பூனை கவ்வியிருக்கலாம். கம்பியிலிருந்து விழுந்திருக்கலாம். மூடாத தண்ணீர்த் தொட்டியில் விழுந்து தத்தளித்திருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் மனசு பதறும். கைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியாது.

முதல் பத்து நிமிடம்

செய்ய வேண்டியது மிகக் குறைவு. செய்யக் கூடாததுதான் அதிகம்.

வெறுங்கையால் தூக்கக் கூடாது. அன்போடு தூக்கினாலும் அணிலுக்கு அது கழுகின் கால் மாதிரிதான், பயத்தில் கடிக்கும். தடிமனான துண்டை மேலே போட்டு, துண்டோடு சேர்த்து மெதுவாக அள்ளி, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் விட வேண்டும். அடியில் பழைய பருத்தித் துணி. நூல் பிரிந்த துணி வேண்டாம், நகம் சிக்கிக்கொள்ளும். பெட்டியை மூடி, டிவி சத்தமும் குழந்தைகளின் எட்டிப் பார்த்தலும் இல்லாத இருட்டான மூலையில் வைக்க வேண்டும். காயத்தால் சாகாத சிறிய உயிர், பயத்தால் செத்துப்போவது உண்டு.

அடுத்தது சூடு. குளிர்ந்த உடம்பில் எந்த மருந்தும் வேலை செய்யாது. ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் இது இரட்டிப்பு முக்கியம். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துணி சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும்.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் மெல்ல அழுத்தினால் போதும். மஞ்சளும் காபிப் பொடியும் வேண்டாம். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். பசும்பாலும் கூடாது, வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற தெம்பும் போய்விடும். உடம்பு சூடாகி, நன்றாக விழித்துப் பார்க்கும் நிலை வந்த பிறகு, ஒரு மூடியில் தண்ணீரும் ஒரு துண்டுப் பழமும் பக்கத்தில் வைத்தால் போதும். தானாகக் குடிக்கட்டும்.

பூனை கவ்விய அணில் என்றால் காத்திருக்கவே கூடாது. பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே புள்ளிதான் தெரியும், உள்ளே கிருமி இறங்கியிருக்கும். ‘காயமே இல்லையே’ என்று விட்டால் ஓரிரு நாளில் சுருண்டுவிடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பல் உடைந்திருந்தாலும் அப்படித்தான். அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. அவை கோணினால் அதனால் கொறிக்க முடியாது.

நம்மைக் கடித்துவிட்டால்? அணிலிடமிருந்து ரேபிஸ் பரவுவது மிக மிக அரிது. ஆனாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, டாக்டரைப் பார்ப்பதே முறை.

கூடு சரிந்து, கண் திறக்காத குட்டி கீழே கிடந்தால், உடனே வீட்டுக்குள் தூக்கி வந்துவிடக் கூடாது. காயமில்லாமல் கதகதப்பாக இருந்தால், துணி விரித்த கொட்டாங்கச்சியிலோ சிறு கூடையிலோ வைத்து அதே மரத்தில் கட்டிவிட்டு, தூர நின்று பார்க்கலாம். தாய் அணில் வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கலாம். அதுவரை வீட்டுப் பூனை வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. பொழுது சாயும்வரை தாய் வரவில்லை என்றால்தான் பெட்டியும் வெந்நீர்ப் பாட்டிலும்.

எல்லை தாண்டலாமா?

ஓசூர்க்காரர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் கால் தானாக பெங்களூரு பக்கம் போகும். அணிலுக்கும் அந்த யோசனை வருவது இயல்பு. பெங்களூரு கெங்கேரியில் ‘பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்’ அமைப்பு நகர்ப்புறக் காட்டுயிர்களுக்கென்றே மறுவாழ்வு மையம் நடத்துகிறது. பருந்து, ஆந்தை, பாம்பு, அணில் எல்லாம் அங்கே நோயாளிகள்தான். ஆனால் காட்டுயிரை எடுத்துக்கொண்டு மாநில எல்லை தாண்டுவது, அத்தைப் பாட்டியைக் காரில் கூட்டிப்போவது போல அல்ல. முதலில் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவமனையில் முதலுதவி பெற்று, வனத்துறை சொல்லும் வழியில் போவதே சரி.

ஓசூர் வனக்கோட்டத்தின் பெரிய தலைவலி யானைகள். சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் வந்து நின்றால் சுற்றுவட்டார ஊர்களுக்கு ராத் தூக்கம் போய்விடும். அந்த அலுவலகத்துக்கு ஓர் அணிலுக்காக போன் செய்யலாமா என்று தயங்க வேண்டாம். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதிக் காடுகளில்தான் இருக்கிறது. நம் அணிலின் பெரிய சொந்தமான சாம்பல் நிற மலை அணில் அங்கே காவிரிக் கரை மரங்களில் வாழ்கிறது. அதைக் காக்கவென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் தனிச் சரணாலயம் உண்டானது. பெரியவனுக்குச் சரணாலயம் இருக்கிறது. சின்னவனுக்கு நம் கொல்லைதான்.

வைத்துக்கொள்ளலாமா?

கஷ்டமான கேள்வி இதுதான். நாலு நாளில் கால் தேறிவிடும். பெட்டியைத் திறந்தால் பயப்படாமல் பார்க்கும். ‘இதை நாமே வளர்க்கலாம்’ என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். பெரியவர்களுக்கும் உள்ளூர ஆசைதான்.

ராஜாஜி மறைந்த அதே 1972இல்தான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. காட்டுயிரைப் பிடித்து வைத்துக்கொள்வது நம் இஷ்டம் அல்ல என்று சொன்ன சட்டம் அது. சட்டத்தை விடுங்கள், அணிலின் கணக்கே வேறு. நம்மிடம் பயம் போன அணிலுக்குப் பூனையிடமும் பயம் குறையும். பயம்தான் அதன் கவசம். அந்தக் கவசத்தைக் கழற்றிவிட்டு நாம் கொடுக்கும் முந்திரிப் பருப்பு எந்த விதத்தில் அன்பு?

ஆகவே மழையில்லாத ஒரு காலையில், அது வழக்கமாக வரும் அதே கொல்லையில், அதே மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். புது இடத்தில் விட்டால் கூடும் தெரியாது, எதிரியும் தெரியாது.

எல்லா அணிலும் பிழைப்பதில்லை. சில, சூடு ஏறுவதற்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும். கொல்லை ஓரத்தில் குழி தோண்டி, அதன் மேல் ஒரு செடி வைத்தால் போதும். இருட்டிலும் கதகதப்பிலும், துரத்தப்படாமல் அதன் கடைசி மணி கழிந்ததே, அதுவும் ஓர் உதவிதான்.

சங்கப் புலவர் ஒருவருக்கு ‘அணிலாடு முன்றிலார்’ என்று பெயர். குறுந்தொகையின் 41ஆம் பாட்டில், மனிதர்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் ஆடுவதைத் தனிமையின் அடையாளமாகக் காட்டியவர். தொரப்பள்ளியில் காட்சி வேறு. வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், முற்றத்திலும் அணில் ஆடுகிறது. அந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டுமானால் ஒரு கொய்யா மரம், ஒரு மூடிய தண்ணீர்த் தொட்டி, பரணில் ஓர் அட்டைப் பெட்டி போதும்.

சேதுவுக்கு மணல் சுமந்ததாக நாம் நம்பும் உயிர் அது. எந்த மொழியில் சொன்னாலும் இந்த முறை அணில் சேவை செய்ய வேண்டியது நாம்தான்.