வேலிக்கல் அடிக்கிறவர்கள்

குமரி மாவட்டத்து மயிலாடிக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "சிலை செய்கிறவர்களை எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள், வேலிக்கல் அடிக்கிறவர்களையும் பாருங்கள்" என்று ஒரு பட்டறைக்கு வழி சொன்னார். வேலிக்கல் என்றால் வேலிக்கு நடும் கல்தூண். புரட்டாசி முடியும் நேரம். மழைக்கு முன் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேலியைச் சரிசெய்யும் பருவம்.

இங்கே வேலிக்கு இரண்டு சோதனைகள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவது அதுதான். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் காற்றையும் மழையையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. மின்கம்பங்களே சாய்ந்த நாள் அது.

பட்டறையில் இருந்த பெரியவர் சிறுவயதிலேயே உளி பிடித்தவர். அப்பா அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தினாராம். மிக்ஸியும் கிரைண்டரும் வந்ததும் அது ஓய்ந்தது. "அதுக்கப்புறம் வேலிக்கல்லுதான் சார் கஞ்சி ஊத்துச்சு" என்றார்.

அவர் கையிலிருந்த உளியை விட்டு என் கண் நகரவில்லை. கருங்கல்லில் அடிக்க அடிக்க முனை மழுங்கும். உலையில் பழுக்கவைத்து, அடித்துக் கூராக்கி, முனையை மட்டும் தண்ணீரில் தோய்க்கிறார். அடியிலிருக்கும் சூடு முனைக்கு ஏறும்போது இரும்பின் நிறம் மாறுகிறது. சரியான நிறத்தில் மறுபடி தண்ணீர். முந்தினால் முனை தெறிக்கும், பிந்தினால் மடங்கும். அந்த உளியால் கல்லில் வரிசையாகக் குழி எடுத்து, இரும்பு ஆப்புகளை வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறார். சத்தம் மாறியதும் நிறுத்திக் காத்திருக்கிறார். கல் நேர்கோட்டில் பிளக்கிறது.

வேலிக்கு நடும் மரக்கால் மண்மட்டத்தில்தான் முதலில் இற்றுப்போகும். ஈரமும் காற்றும் சேரும் இடம் அது. சிமென்ட் தூணில் விரிசல் வழியே நீர் இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, தூணையே பிளந்துவிடும். கல்தூணுக்கு இந்த இரண்டும் இல்லை. ஆனால் நடுகிற விதம் முக்கியம். "மூணில ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகணும். வெறும் மண்ணைத் தள்ளி மூடக்கூடாது. சல்லியப் போட்டு இடிக்கணும். அடியில தண்ணி தேங்காம வெளிய சரிச்சு விடணும்" என்றார். மழைக்கு முன் வேலிக்கம்பியில் படர்ந்த கொடியை அறுத்துவிட வேண்டும், மறைப்புக்குக் கட்டிய தார்ப்பாயையும் அவிழ்க்க வேண்டும். காற்று ஊடே போக வழியிருந்தால் வேலி நிற்கும். அடைத்தால் மொத்த விசையும் தூணில் இறங்கும், நனைந்து இளகிய மண் அதைத் தாங்காது.

இவ்வளவு தெரிந்தவருக்குக் கிடைப்பது கல்லுக்கு இவ்வளவு என்ற கூலி. உளி தீட்டும் செலவும் அதிலேதான். வேலி போடுகிறவர் தரும் விலைக்கும் அந்தக் கூலிக்கும் நடுவே, ஒரு உளியும் தொடாத ஒப்பந்தக்காரர்கள் நிற்கிறார்கள். கல்தூசி நெஞ்சில் படிந்து சிலிக்கோசிஸ் வந்தால் அதைக் குணப்படுத்த மருந்தில்லை. அந்த நோயில் மட்டும் இடைத்தரகருக்குப் பங்கு கிடையாது. இது அநியாயம்.

சிலைக்குக் கிடைத்த மரியாதை வேலிக்கல்லுக்கும் கிடைக்க வேண்டும். கல்லடிக்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து விலை சொல்ல அரசு துணைநிற்க வேண்டும். வேலி போட நினைக்கிறவர்கள் தரகரைத் தேடாமல் நேரே பட்டறைக்குப் போங்கள். தூணுக்கான பணத்தை அதை அடித்தவர் கையில் கொடுங்கள். நடும் முறையையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.