நாலணா நுழையும் கதவு

1987 மே விடுமுறையில்தான் அப்பா முதன்முதலாக என்னை வேலைக்குக் கூட்டிப்போனார். அப்போது தாணே வாக்ளே எஸ்டேட்டில் குடியிருந்தோம். விடிகாலை ரயிலில் குர்லா, அங்கே மாறி டாக்யார்டு ரோடு, பாவுச்சா தக்காவில் லாஞ்ச் பிடித்து ரேவஸ், பிறகு எஸ்.டி. பஸ்ஸில் அலிபாக். உளிப்பை என் மடியில்.

கடலைப் பார்த்த தென்னந்தோப்பில் பம்பாய்க்காரர் ஒருவருக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கருங்கல். எப்போதோ எரிமலைக் குழம்பாக ஓடி இறுகிய கல் அது. கல்தச்சர் ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டிக் காது கொடுப்பார். கணீரென்றால் சுவருக்கு, மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல், ஓரமாய்ப் போட்டுவிடுவார். நானும் தட்டித் தட்டி நாலைந்து நாளில் வித்தியாசம் பிடித்துவிட்டேன். அந்தப் பெருமை இன்றும் இருக்கிறது.

நிலை, கதவு, உத்தரமெல்லாம் அப்பா கை. தேக்கு ரே ரோடு மரக்கடையில் வாங்கியது, இடித்த கட்டடங்களின் பழைய பர்மாத் தேக்கு. "உக்காந்த மரம் மக்கா, இனி முறுக்காது" என்பார். இழைப்புளி ஓடினால், கறுத்த மேல்தோல் சுருண்டு விழுந்து பொன்னிறம் எழும். எண்ணெய் வாசனை மூக்கை நிறைக்கும். உப்புக் காற்றில் இரும்பு நிற்காதென்று கழுந்தைத் துளையில் இறக்கி மூங்கில் ஆணி அடிப்பார். தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் பித்தளைத் திருகு.

ஞாயிறன்று கடல் வற்றியதும் குலாபா கோட்டைக்கு நடந்தே போனோம். 1680இல் சிவாஜி தொடங்கிவைத்த கோட்டை. மதிலில் பெரிய பெரிய கற்கள், சுண்ணாம்புப் பூச்சில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக. அப்பா ஓர் இடுக்கில் மணிக்கட்டுவரை கைவிட்டு வெகுநேரம் நின்றார்.

"அலை உள்ள போயிட்டு வரட்டும்னு வழி விட்டிருக்கான். அடைச்சிருந்தா இடிச்சே தள்ளியிருக்கும்."

மறுநாள் வாசல் கதவைப் பொருத்தினார். எனக்கு அது சரியில்லையென்றே பட்டது, நிலைக்கும் கதவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. சொன்னேன். அப்பா பையிலிருந்து நாலணாக் காசை எடுத்துக் கொடுத்து, இடுக்கில் சுற்றிலும் ஓட்டச் சொன்னார். எங்கும் சிக்காமல் ஓடியது.

"மழையில மரம் தண்ணி குடிக்கும். அதுக்கு எடம் வேண்டாமா?"

ஆகஸ்டில், கொட்டும் மழையில், அப்பா மட்டும் போய்வந்தார். நனைந்த சட்டையைக் கழற்றுமுன் என்னைக் கூப்பிட்டு அந்தக் காசை உள்ளங்கையில் வைத்தார்.

"நுழையல மக்கா. கதவு பதமா மூடுது."